ஒளிக்குத் துணையாகும் காற்று

கொடகவெலப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் முறையை நேயர்கள் அறிவர். கம்பிவலைமீது பரப்பிய கொழுந்தினூடே பெரிய விசிறி காற்றைச் செலுத்துகிறது. காற்று இலையின் ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. பேரொளி தரும் எல்.ஈ.டி. மின்குமிழ்கள் சிலவற்றிலும் ஒரு சிறு விசிறி இவ்வாறே பணிபுரிகிறது. அது அகற்றுவது ஈரத்தை அன்று, வெப்பத்தை.

எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயி சூடேறாத விளக்கு என்பது பலருடைய எண்ணம். அது முழு உண்மையன்று. பழைய இழை மின்குமிழ் தன் வெப்பத்தின் பெரும்பகுதியைக் கதிர்களாக வெளியே வீசிவிடும். எல்.ஈ.டி.யிலோ, ஒளியாக மாறாத மின்சக்தி அதன் சிறு சில்லிலேயே வெப்பமாகத் தேங்கும். அவ்வெப்பம் வெளியேறாவிடின் ஒளி மங்கும், ஆயுளும் குறையும்.

வீட்டுக்குரிய சிறு மின்குமிழுக்கு அலுமினிய உடலும் இயல்பாக மேலெழும் காற்றும் போதும். பேரொளி விளக்கை அவ்வாறே குளிர்விப்பதாயின் உலோகத் தகடுகள் பெருத்துப் பாரம் மிகும். எனவே, சிறிய தகடுகளினூடே விசிறியால் காற்றைச் செலுத்துகின்றனர். வாகன முகப்பு விளக்குகளிலும் மேடை விளக்குகளிலும் இம்முறை உண்டு.

ஆயினும் சுழலும் உறுப்பு தேயும். தேயிலைத் தூசி அடைத்தாலும் ஈரம் புகுந்தாலும் விசிறி நின்றுவிடக்கூடும். அப்போது மின்னோட்டத்தைத் தானாகவே குறைக்கும் காப்பமைப்பு விளக்கில் இருத்தல் வேண்டும். தூசி மிகுந்த தொழிற்சாலைக்கு, விசிறியற்ற, அகன்ற தகடுகளையுடைய விளக்கே பெரும்பாலும் உகந்தது. எவ்வகை விளக்காயினும் அதன் காற்றுவழியை அடைத்தல் தகாது. இரவு வேளையில் இயந்திரத்தருகே கைவைத்து உழைப்போருக்கு, மங்காத ஒளியே முதற் பாதுகாப்பு.