லினக்ஸ் கணினியில் சுட்டியும் ஒலியும் இயங்காதபோது

கணினியை ஆரம்பித்ததும் சுட்டிக்குறி அசையவில்லை, ஒலிபெருக்கியிலும் சத்தமில்லை. "பழுது" என எழுதி ஒட்டி அதனை மூலையில் வைப்பதற்கு முன்னர், வழு வன்பொருளிலா மென்பொருளிலா என நீங்கள் பிரித்தறிதல் வேண்டும். பல பாடசாலைக் கணினிகள் ஒரு சிறு அமைப்புப் பிழைக்காகவே ஒதுக்கப்படுகின்றன.

முதலில் சுட்டி. அதனைக் கழற்றி வேறொரு யூ.எஸ்.பி. துறையில் செருகுங்கள். பின்னர் வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கும் இயங்காவிடின் பழுது சுட்டியிலேயே உள்ளது. அங்கு இயங்கினால், விசைப்பலகையில் கொன்ரோல், ஓல்ற், ரி ஆகிய சாவிகளை ஒருங்கே அழுத்துங்கள். உபுண்டு போன்றவற்றில் முனையம் திறக்கும். எல், எஸ், யூ, எஸ், பி என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சிறிய எழுத்தில் இடைவெளியின்றித் தட்டச்சு செய்து என்ரர் சாவியை அழுத்துங்கள். தோன்றும் பட்டியலில் சுட்டி இருப்பின் கணினி அதனை இனங்கண்டுள்ளது; இனி அமைப்புகளைச் சோதிக்கலாம். இல்லையெனில் துறையையே சந்தேகிக்க வேண்டும்.

பழைய கணினிகளிலுள்ள வட்டமான பச்சைத் துறை பீ.எஸ்/2 சுட்டிக்குரியது, ஊதா விசைப்பலகைக்குரியது. இவற்றைக் கணினி இயங்கும்போது செருகக் கூடாது. அணைத்து, செருகி, மீள ஆரம்பியுங்கள். சாதாரண சுட்டிக்கான செலுத்தி லினக்ஸ் கருனியுடனேயே வருவதால் இறுவட்டுத் தேடி அலையத் தேவையில்லை.

ஒலி விடயத்தில் மாணவர் அதிகம் தவறுவது செருகும் இடத்திலேதான். மேசைக் கணினியில் ஒலிபெருக்கி இளம்பச்சைத் துளைக்குரியது, இளஞ்சிவப்பு நுணுக்குப்பன்னிக்குரியது. இணைப்புச் சரியாயின் முனையத்தில் அல்சாமிக்சர் என்னும் கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் வழங்குங்கள். 2003 இல் வெளியான லினக்ஸ் கருனி 2.6 முதல் அதனுடன் வரும் அல்சா ஒலித் தொகுதியின் கட்டுப்பாட்டுத் திரை இது. ஒலிமட்டப் பட்டையின் கீழ் எம் எழுத்து இரண்டு தெரிந்தால் அந்த ஒலி அடக்கப்பட்டுள்ளது. எம் சாவியை ஒருமுறை அழுத்த அது திறக்கும். மேல் அம்புக்குறியால் மட்டத்தை உயர்த்துங்கள்.

அப்போதும் மௌனமா? ஒலி எச்.டி.எம்.ஐ. வழியாகத் திரைக்குச் செல்லக்கூடும். ஒலி அமைப்புகளில் வெளியீட்டுச் சாதனத்தை மாற்றுங்கள். இறுதியாக, நிறுவாமலே இயங்கும் லினக்ஸைப் பேனா செலுத்தியிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். அதில் ஒலி கேட்டால் ஒலி அட்டை நலமாகவே உள்ளது. வழு வன்தட்டில் நிறுவிய பணிசெயல் முறைமையின் அமைப்பில் இருக்கின்றது.