ஊர் திரும்பும் உரிமையும் அதை மெய்ப்பிக்கும் ஆவணங்களும்

தர்மபுரி மாவட்டத்தில் தும்பலஅள்ளி, கேசர்குளி, நாகாவதி, தொப்பையாறு முதலிய அணைகளை ஒட்டியுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில், 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்கும் அதைத் தொடர்ந்த போருக்கும் தப்பி வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கின்றனர். இவர்களில் ஊர் திரும்ப விரும்புவோரின் மனத்தில் முதலில் எழும் கேள்வி, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே குடியிருக்கும் உரிமை தமக்கு எஞ்சியுள்ளதா என்பதாகும். வம்சாவளியால் இலங்கைக் குடிமக்களாக உள்ளவர்கள் வெளிநாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த காரணத்தால் மட்டும் அவ்வுரிமையை இழப்பதில்லை. ஆயினும், அதை மெய்ப்பிக்கும் தாள் கையில் இல்லாவிட்டால் உரிமை இருந்தும் பயன்படாது.

பிள்ளைகளின் குடியுரிமை

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பு ஓராண்டுக்குள் இலங்கைத் தூதரக அலுவலகத்திலோ இலங்கையிலுள்ள உரிய அலுவலகத்திலோ பதிவுசெய்யப்பட வேண்டும். தக்க காரணம் காட்டினால் அதன் பிறகும் பதிவுசெய்ய அமைச்சர் அனுமதிக்கலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், தாய், தந்தை இருவரில் ஒருவர் இலங்கைக் குடிமகனாக இருந்தாலே போதும். எனவே முகாமில் பிறந்து இருபது, முப்பது வயதைக் கடந்தவர்களும் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வழியுண்டு.

மலையகத் தமிழரின் நிலை சற்று வேறானது. தோட்டத் தொழிலாளர்களாகச் சென்ற இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலோர் 1948இல் நாடற்றவராக, அதாவது எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாதவராக, ஆக்கப்பட்டனர். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்தோருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. போரினால் இந்தியாவுக்கு வந்துவிட்டவர்களையும் 2009ஆம் ஆண்டுத் திருத்தம் அதில் சேர்த்துக்கொண்டது.

கவனிக்க வேண்டிய இடர்கள்

முதல் இடர், பெயரில் நேரும் பிழை. இலங்கைப் பிறப்புச் சான்றில் முழுமையாக எழுதப்பட்ட தந்தையின் பெயர், இங்குள்ள பள்ளிச் சான்றிதழில் ஒற்றைத் தலைப்பெழுத்தாகச் சுருங்கியும் முகாம் அட்டையில் வேறு எழுத்தமைப்பிலும் காணப்படும்போது, மூன்று ஆவணங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை மெய்ப்பிப்பதே பெரும் பாடாகிவிடுகிறது.

இரண்டாவது, வெளியேறிய வழி. அனுமதிக்கப்பட்ட துறை வழியாகவன்றி நாட்டைவிட்டுச் செல்வது இலங்கைச் சட்டத்தில் குற்றமாகும். ஐ.நா. அகதிகள் முகமையின் ஏற்பாட்டில் திரும்பிய முதியவர் ஒருவர் இக்காரணத்துக்காக 2025 மே மாதத்தில் பலாலி விமான நிலையத்தில் கைதுசெய்யப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார். முறையான வழியிலேயே இத்தகைய சிக்கல் நேருமெனில், படகில் கள்ளத்தனமாகத் திரும்புவது உயிருக்கும் உரிமைக்கும் ஒருசேரக் கேடாகும்.

மூன்றாவது, நிலம். தனியார் காணியைப் பிறர் பத்தாண்டுகள் தடையின்றித் தமதெனவே ஆண்டுவந்தால் அதற்கு உரிமை கோர இலங்கைச் சட்டம் இடமளிக்கிறது. போர்க்காலத்தை அக்கணக்கிலிருந்து விலக்க 2016இல் தனிச்சட்டம் வந்தபோதிலும், அதன்படி வழக்குத் தொடுக்கக் கால வரம்பும் விதிக்கப்பட்டது. ஆகையால் காணி உறுதி, அதாவது கிரயப் பத்திரம், வைத்திருப்போர் தாமதமின்றிச் சட்ட ஆலோசனை பெறுவது இன்றியமையாதது.

நான்காவது, அறியாமல் நேரும் இழப்பு. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோரின் குடியுரிமை எதுவாயினும், பொதுவாகப் பிறப்பாலேயே இந்தியக் குடிமகனாவார்; அவர் பிற நாட்டுக் குடியுரிமையைத் தாமாக ஏற்றால் இந்தியக் குடியுரிமையை இழப்பார். ஆதலால் அவர் விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதற்கு முன் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

இங்கே பிறந்தும் பிறப்புப் பதிவே இல்லாதவர்கள், ஓராண்டு கடந்த நிலையில், தர்மபுரி அல்லது அரூர் வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவைப் பெற்றுப் பதிவுசெய்யலாம். வெளியேறும் அனுமதியை மாவட்ட நிர்வாகத்தின் வழியாகவே பெற வேண்டும். 1984 முதல் இயங்கிவரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஆவணப் பணியில் நெடுநாள் பட்டறிவுடையது; இனக்கலவரத்தால் பாதிக்கப்பட்டோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கோரலாம். இலங்கை சேர்ந்தபின், கிராம அலுவலரிடம் வதிவிடச் சான்றும் ஆட்பதிவுத் திணைக்களத்தில் தேசிய அடையாள அட்டையும் பெற வேண்டும். காணிச் சிக்கல்களுக்கு அங்குள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

திரும்புவது முழுக்க முழுக்க அவரவர் விருப்பம். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் இந்திய அரசு விலக்கு அளித்துள்ளதால், அவர்களில் எவரும் அச்சத்தால் அவசரப்படத் தேவையில்லை. திரும்ப முடிவெடுத்தவர்களும் இன்னும் முடிவெடுக்காதவர்களும் தம் பிள்ளைகளின் பிறப்புப் பதிவை மட்டும் தள்ளிப்போடாமல் முடித்துவிட வேண்டும். சான்றளிக்கக்கூடிய பெரியவர்கள் உயிருடன் இருக்கும்போதே அப்பணி எளிதில் நிறைவேறும்.