பழைய மாட்யூலைக் கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள்

பெங்களூரு பீன்யாவில் லேத், சிஎன்சி, பவுடர் கோட்டிங் என்று சொந்தப் பட்டறை வைத்திருக்கும் நம் ஆட்கள் தொழிலில் படு கறார். நாலு போல்ட் வந்தாலும் டெலிவரி சலான் கேட்பார்கள். ரிஜெக்‌ஷன் என்று மால் திரும்பி வந்தால், அந்தப் பீஸைக் கையில் எடுத்து மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதே ஆள் தன் ஆட்டோமேட்டிக் காரை ரிப்பேருக்கு விடும்போது மட்டும் வெறும் வாயோடு போய் வெறும் கையோடு திரும்புகிறார்.

கதை எப்போதும் ஒரே மாதிரிதான். கியர் விழவில்லை, மீட்டரில் எழுத்து மின்னுகிறது. ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, “டிசிஎம் போயிருச்சு சார், மாத்தணும்” என்கிறார்கள். அரை லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து மாற்றுகிறார். சில வாரத்தில் அதே கோளாறு. என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்டால் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுகிறார். பழைய பாகம் எங்கே? “அது அவங்ககிட்டயே இருக்கும்.”

டிசிஎம் என்கிற டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூல், எந்த கியர், எப்போது, கிளட்ச் எவ்வளவு என்று முடிவெடுக்கும் சின்னக் கணினி. சில வண்டிகளில் அது கியர்பாக்ஸ் மேலேயே உட்கார்ந்திருக்கும். சூடும் அதிர்வும் சேர்ந்து உள்ளே சால்டரைக் கெடுக்கும். கெட்டால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை போய்விடலாம். பீன்யா மேம்பாலத்தில், பின்னால் லாரி வரும்போது அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒருமுறை இழுவை போய்த் தானாகச் சரியானாலும் அதை நம்பி ஓட்டாதீர்கள். கயிறு கட்டியும் இழுக்காதீர்கள். பிளாட்பெட் வண்டியில் ஏற்றுங்கள்.

ஆனால் மாட்யூல் உண்மையிலேயே போய்விட்டதா? இங்கேதான் பணம் கரைகிறது. ஸ்கேனரில் வரும் பி0700 என்ற கோடு, கியர் பக்கம் ஏதோ கோளாறு இருக்கிறது, உள்ளே போய்ப் பார் என்று மட்டுமே சொல்கிறது. யு0101 என்றால் மாட்யூலோடு தொடர்பு அறுந்திருக்கிறது. வீக்கான பேட்டரி, துருப்பிடித்த எர்த், தண்ணீர் இறங்கிய கனெக்டர், எலி கடித்த வயர், இவற்றில் எது இருந்தாலும் இந்தக் கோடு வரலாம். மின்சாரம், எர்த், ஃப்யூஸ் மூன்றையும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் கேன் லைனின் இரண்டு வயருக்கும் நடுவே அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். இதைச் செய்யாமல் மாட்யூலை மாற்றச் சொல்பவர் உங்கள் செலவில் குத்துமதிப்பு பார்க்கிறார். இன்னொன்று: கோடுகளைக் குறித்துவைக்கும் முன் யாரையும் அழிக்க விடாதீர்கள். பேட்டரியைக் கழற்றினாலே பல வண்டிகளில் அவை போய்விடும். கோடு போனால் சாட்சி போனது.

“பெங்களூரு டிராஃபிக்ல இப்படி ஓட்டினா கியர்பாக்ஸ் எப்படி சார் தாங்கும்?” என்பது அடுத்த வசனம். இது வெளிநாட்டிலும் சொல்லப்பட்டதுதான். ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் வண்டிகள் குலுங்கியபோது, நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று ஆஸ்திரேலிய வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பினார்கள். புகார்களைக் கையாண்ட அந்த விதத்துக்காக 2018 ஏப்ரலில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அமெரிக்காவில் 2014-லேயே இந்த மாட்யூலுக்கு மட்டும் வாரன்டியை 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் என்று நீட்டிக்க வேண்டி வந்தது. பவர்ஷிஃப்ட் நமக்கும் அந்நியமல்ல. மறைமலை நகரில் தயாரான எக்கோஸ்போர்ட்டின் பழைய ஆட்டோமேட்டிக்கில் இருந்தது அதுதான்.

எனவே பணம் கட்டும் முன் உங்கள் சேசிஸ் எண்ணைச் சொல்லி, ரீகால், வாரன்டி நீட்டிப்பு, சாஃப்ட்வேர் அப்டேட் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று கம்பெனியிடமே எழுத்தில் கேளுங்கள். 2024 பிப்ரவரியில் ஹூண்டாய் 7,698 கிரெட்டா, வெர்னா கார்களையும் கியா 4,358 செல்டோஸ் கார்களையும் திரும்ப அழைத்தன. சிவிடி கியர்பாக்ஸின் மின் ஆயில் பம்ப் கன்ட்ரோலரில் கோளாறு இருக்கலாம் என்பது காரணம். வேலை இலவசம். கேட்காதவர் காசு கொடுப்பார், அவ்வளவுதான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி ரீகாலை அரசே கட்டாயமாக்கலாம். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. தயாரித்து 7 ஆண்டுக்குள் உள்ள வண்டி என்றால் வாகன் தளத்தில் புகார் பதியலாம். ஒரு மாடலுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால்தான் சக்கரம் சுழலும். நாமோ வாட்ஸப் குழுவில் திட்டிவிட்டுப் படுத்துவிடுகிறோம். அரசும் இப்படி ஒரு வசதி இருப்பதை ஊருக்குச் சொல்லாமல் பத்திரமாக வைத்திருக்கிறது.

இனி காகிதம். வண்டியை விடும்போது ஜாப் கார்டு. அதில் உங்கள் புகார் உங்கள் வார்த்தையில் இருக்க வேண்டும். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். கோடுகள், தேதி, கிலோமீட்டர் தெரியும்படி ஸ்கேன் ரிப்போர்ட்டை அச்சாக வாங்குங்கள். தர மறுத்தால் மின்னஞ்சலில் கேளுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல், தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். எஸ்டிமேட்டில் பாகத்தின் எண், விலை, கூலி, புரோகிராமிங் கட்டணம், புதிய பாகத்தின் வாரன்டி எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். இன்னும் 28 போட்டு நீட்டினால் திருப்பிக் கொடுங்கள். மாட்யூலைச் சொருகியதோடு வேலை முடியாது. அதை உங்கள் சேசிஸ் எண்ணுக்குக் கோடிங் செய்து, கிளட்ச் அடாப்டேஷன் ஓட்டி, ரோடு டெஸ்ட் பார்த்த பிறகு எடுத்த இரண்டாவது ஸ்கேன் ரிப்போர்ட்டும் கைக்கு வர வேண்டும்.

பில் போடாவிட்டால் வரி மிச்சம் என்பார்கள். அந்த 18 சதவீதத்தை மிச்சம் பிடித்தவர்கள்தான் பிறகு என்னிடம் ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறார்கள். பில் கொடுக்காததே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை.

பிறகு, பழைய மாட்யூல். முழு விலை கொடுத்து மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். வாரன்டியில் மாற்றினால் கம்பெனி எடுத்துக்கொள்ளும்; அப்போது பாக எண், சீரியல் எண் தெரியும்படி படம் எடுத்து, எடுத்துக்கொண்டோம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வழக்கில் நுகர்வோர் ஆணையம் பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அனுப்ப ஏதாவது இருந்தால்தானே?

ஜே.சி. ரோட்டிலோ சிவாஜி நகரின் பழைய பாகச் சந்தையான குஜிரியிலோ பழைய மாட்யூல் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள். அது வேறு வண்டியின் எண்ணுக்குப் பூட்டப்பட்டதாக இருந்தால் உங்கள் கார் ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். திருட்டு வண்டியில் கழற்றியது என்று தெரிந்து வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. மெக்கானிக்கைக் கைகாட்டித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

கோளாறு திரும்ப வந்தால் போனில் கத்த வேண்டாம். சர்வீஸ் சென்டருக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்த்து, 15 நாள் கெடு கொடுத்து, நகல்களை இணைத்து ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். டாக்கெட் எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதிலும் தீராவிட்டால் இ-ஜாக்ருதி தளத்தில் மாவட்ட ஆணையத்துக்கு மனு. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது; 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் கட்டாயமில்லை. ஓசூரில் வாங்கிய வண்டிக்கும் நீங்கள் குடியிருக்கும் பெங்களூரிலேயே வழக்குப் போடலாம். ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் வாய்தா வாய்தாவாக இழுக்கும். அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். கெடு 2 ஆண்டு. “பார்த்துச் செய்றோம் சார்” என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பட்டறை பெயரில் கார் வாங்கியவர்கள் தமக்கு இந்த உரிமை கிடையாது என்று தாமே முடிவுகட்டிவிடுகிறார்கள். எதிர்த்தரப்பும் அதைத்தான் முதலில் சொல்லும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மை. ஆனால் நிறுவனம் தன் இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய பென்ஸ் கார் அந்த விலக்கில் வராது என்று 2024 ஜூலையில் டெய்ம்லர் கிரைஸ்லர் – கன்ட்ரோல்ஸ் அண்ட் ஸ்விட்ச்கியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியைச் சொந்தப் பயன்பாட்டுக்குத்தான் ஓட்டினீர்கள் என்று காட்டும் ஆதாரத்தைக் கையில் வைத்திருங்கள்.

மழைநீர் புகுந்து மாட்யூல் போயிருந்தால் வழி வேறு. தானாகக் கெட்ட மின்கோளாறுக்குச் சாதாரண பாலிசி பணம் தராது. வெள்ளச் சேதத்துக்கு, குறிப்பாக எஞ்சின், கியர்பாக்ஸ் பாதுகாப்பு என்ற கூடுதல் கவரேஜ் எடுத்திருந்தால், கோரலாம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். செய்தால் அதையே காரணமாக்குவார்கள். படம் எடுத்து, சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்ற விடாதீர்கள். கோரிக்கையை மறுத்தால் முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஒவ்வாவிட்டாலோ, ஓராண்டுக்குள் ஜே.பி. நகர் முதல் ஃபேஸ், ஜீவன் சௌதா கட்டடத்தில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். கட்டணம் இல்லை. மறுப்புக் கடிதம், பாலிசி, சர்வேயர் ரிப்போர்ட் நகல்களோடு, படம் எடுத்த பழைய மாட்யூலையும் பத்திரமாக வைத்திருங்கள்.