ஒயினும் ஆட்டுக்கறியும் ஆவாரம்பட்டையும்

தலைப்பைப் பார்த்ததும் சிலர் சிரிப்பீர்கள், ஆசிரியர்கள் சிலர் முறைப்பார்கள். திட்டக்குடிக்கும் இத்தாலி ஒயினுக்கும் என்னப்பா சம்பந்தம் என்பீர்கள். இருக்கிறது, அதுவும் 2000 வருஷத்துச் சம்பந்தம்!

கடலூருக்கு வடக்கே, புதுச்சேரி பக்கத்தில் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது, ரோமானியர் ஒயின் நிரப்பிக் கொண்டுவந்த இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. யவனர் மதுவைப் பற்றி நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாடலிலேயே சொல்லியிருக்கிறார்.

இன்றைக்கு இத்தாலியில் பேர்போன சிவப்பு ஒயின்களில் ஒன்று 'பரோலோ'. வடமேற்கே பியட்மாண்ட் பகுதியில் நெபியோலோ என்ற ஒரே வகைத் திராட்சையில் செய்வது. சட்டப்படி குறைந்தது 38 மாதம் வைத்திருந்துதான் விற்க வேண்டும். அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். ஆல்கஹால் குறைந்தது 13 சதவீதம்.

துவர்ப்பு எப்படி வருகிறது?

இந்த ஒயினின் முக்கிய குணம் துவர்ப்பு. நாவல்பழம் தின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின்தான் காரணம். நம் எச்சிலில் உள்ள புரதங்களை டானின் பிடித்துக்கொள்கிறது. வழவழப்பு போய் வாய் வறண்ட மாதிரி ஆகிறது.

இதே வேலையைத்தான் ஆவாரம்பட்டையும் செய்கிறது. தமிழ்நாட்டில் ஆட்டுத்தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டுப் பதனிடும் வழக்கம் பழையது. பட்டையில் உள்ள டானின் தோலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் தோல் அழுகாது. டானின் என்ற பேரே தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்ததுதான்!

எதற்குப் பொருந்தும்?

இப்போது விஷயம் சுலபம். கொழுப்பும் புரதமும் நிறைந்த கறியைச் சாப்பிட்டால் டானினுக்கு அங்கேயே வேலை கிடைத்துவிடும், துவர்ப்பு அடங்கும். அதனால்தான் பியட்மாண்ட்காரர்கள் மாட்டிறைச்சியை அந்த ஒயினிலேயே மெதுவாக வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆட்டுக்கறிக்கும் நாள்பட்ட சீஸுக்கும் இது பொருந்தும். மீனுக்கு ஆகாது. சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு, மீனின் கொழுப்போடு சேர்ந்து கவிச்சி வாடையைக் கிளப்பும். நம்ம காரக்குழம்புக்கும் ஆகாது. ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டிவிடும்.

ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் மது என்ற பேச்சையே எடுக்க முடியாது. அது நியாயம்தான்.

ஆனால் குடிப்பது வேறு, தெரிந்துகொள்வது வேறு. நம்மில் பலர் குடும்பத்திலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நாளைக்கு ஹோட்டலிலோ கப்பலிலோ வேலைக்குப் போனால், கேள்விப்படாத பேர்களை நாலுபேர் சரளமாகச் சொல்லும்போது நமக்குக் கூச்சம் வரும். கூசத் தேவையில்லை. பேர்தான் புதுசு, அதற்குள் இருக்கும் கெமிஸ்ட்ரி நம்ம ஊர் டீக்கடையிலேயே இருக்கிறது. கேன்டீனில் முதலில் ஸ்ட்ராங்காக ஒரு கட்டன் டீ குடியுங்கள், பிறகு அதிலேயே பால் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். துவர்ப்பு எங்கே போனது? பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொண்டது. பரோலோவுக்குக் கறி எப்படியோ, கட்டன் டீக்குப் பால் அப்படி!