படத்தின் முதுகு

குத்துவிளக்கு ஒன்று வரைந்தேன். ஏ3 தாள், அக்ரிலிக் வண்ணம். ஐந்து முகங்களுக்கும் பின்னால் ஐந்து மஞ்சள் எல்.இ.டி. தண்டைத் தொட்டால் முகம் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. ஒருவழியாக ஏறியது. பெருமை தாங்காமல் அக்கா மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டாவது படிக்கிறாள். தொட்டாள், எரிந்தது. கையை எடுத்தாள், அணைந்தது. இன்னொரு முறை தொட்டாள்.

"இது சுவிட்சுதானே மாமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஓவியத்தோடு எலெக்ட்ரானிக்ஸையும் புரோகிராமிங்கையும் சேர்க்கக் கிளம்பும் எவரும் என்றைக்காவது வாங்கித்தான் ஆக வேண்டிய அடி அது. தொட்டால் பாடும் படம், கிட்டே போனால் நிறம் மாறும் படம், கையசைத்தால் கலையும் படம் என்று கண்காட்சிகளில் இப்போது நிறையப் பார்க்கிறோம். முதல் நிமிடம் வாயைப் பிளக்கிறோம். இரண்டாவது நிமிடம் அடுத்த சுவருக்கு நகர்ந்துவிடுகிறோம். படம் சுவிட்ச் போர்டாகிவிட்டால் அதற்குப் பூசிய வண்ணம் வீண்.

இந்தச் சிக்கல் ஆர்டுயினோ போன்ற சர்க்யூட் பலகைகளின் காலத்தில் முளைத்ததல்ல. 1959-இல் அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரௌஷன்பர்க் 'பிராட்காஸ்ட்' என்று ஒரு படம் செய்தார். அதன் முதுகில் மூன்று ரேடியோக்கள் ஒளிந்திருந்தன. முன்பக்கம் வண்ணத்துக்கு நடுவே இரண்டு குமிழ்கள். பார்க்க வந்தவர் அவற்றைத் திருகி ஸ்டேஷன் மாற்றலாம். பர்சனல் கம்ப்யூட்டர் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத நாளில் இது பெரிய துணிச்சல். ஆனால் என் அக்கா மகள் அங்கே நின்றிருந்தால், "இது ரேடியோதானே?" என்று கேட்டிருப்பாள்.

ரௌஷன்பர்க்குக்கும் குமிழோடு நிறைவு வரவில்லை. பெல் ஆய்வுக்கூடத்துப் பொறியாளர் பில்லி க்ளூவர் அவருக்குக் கூட்டாளியாகக் கிடைத்தார். 1966 அக்டோபரில் நியூயார்க் ராணுவப் பயிற்சிக் கூடம் ஒன்றில் 10 கலைஞர்களும் சுமார் 30 பொறியாளர்களும் சேர்ந்து '9 ஈவினிங்ஸ்' என்ற நிகழ்ச்சி வரிசையை நடத்தினார்கள். அடுத்து 1968-இல் வந்தது ரௌஷன்பர்க்கின் 'சவுண்டிங்ஸ்'. என்னைக் கேட்டால் இந்த வகையில் இன்றுவரை அதைத் தாண்டியவர்கள் குறைவு.

8 அடி உயரம், 36 அடி நீளம். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அடுக்கு அக்ரிலிக் பலகை. முன்பலகை பாதிக் கண்ணாடி போல முகம் காட்டும். பின்பலகைகளில் சில்க்ஸ்கிரீன் முறையில் அச்சிட்ட நாற்காலிப் படங்கள். ஒரே மர நாற்காலி, பல கோணங்களில். இருட்டறையில் நுழைந்து வாயைத் திறக்காமல் நின்றால் உங்கள் உருவம்தான் மங்கலாகத் தெரியும். பேசினால், இருமினால், பாடினால் மைக்குகள் அதைப் பிடிக்கும். சர்க்யூட் அந்த ஒலியை நான்கு அலைவரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் விளக்குகளை ஏற்றும். எங்கெங்கோ நாற்காலிகள் தோன்றும், மறையும். பக்கத்தில் நிற்கும் முகம் தெரியாத ஆளும் குரல் கொடுத்தால் இன்னும் நாலு நாற்காலி வரும். எந்தக் குரலுக்கு எது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சத்தம் போட்டால்தான் படம், மௌனமாக இருந்தால் நாம். சுவிட்ச் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கம்ப்யூட்டர் எதுவும் அதில் கிடையாது, வெறும் சர்க்யூட்தான்.

அதற்குப் பல பொறியாளர்கள் தேவைப்பட்டார்கள். அந்தத் தேவையைக் குறைத்தவை இரண்டு. 2001-இல் எம்.ஐ.டி. மீடியா லேபில் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் தொடங்கிய 'பிராசஸிங்', ஓவியர்களும் எழுதக்கூடிய புரோகிராமிங் மொழி. 2005-இல் இத்தாலியின் இவ்ரியா ஊரில், வடிவமைப்பு மாணவர்களை மனத்தில் வைத்து உருவான சர்க்யூட் பலகை ஆர்டுயினோ. அதை உருவாக்கியவர்கள் தாங்கள் கூடும் மதுக்கடையின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். இன்று அதை சென்னை ரிச்சி தெருவில் யாரிடம் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

அதே மீடியா லேபில் லியா பீக்லியின் குழு மின்சாரம் கடத்தும் வண்ணத்தாலும் காந்த வண்ணத்தாலும் சுவர்க்காகிதம் வரைந்தது. விளக்கையும் சென்சாரையும் அதில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் பிடுங்கி வேறு இடத்தில் ஒட்டலாம். அந்தக் குழுவில் மாணவியாக இருந்த ஜியே சீ வரைந்த டான்டெலியன் ஓவியத்தின் வீடியோவைப் பார்த்த பிறகுதான் என் குத்துவிளக்கு ஏன் தோற்றது என்று புரிந்தது. நம்மூர் எருக்கங்காய் வெடித்தால் பஞ்சு பறக்குமே, அதுபோல டான்டெலியனின் வெள்ளைத் தலையை ஊதினால் விதை பறக்கும். அவர் ஓவியத்திலும் வெள்ளைத் தலையை ஊதத்தான் வேண்டும். ஒளிப்புள்ளிகளாக விதைகள் கிளம்பிப்போய் இன்னோர் இடத்தில் பூ மலரும். காற்றை உணர்வது ஒரு சின்ன மைக். ஊது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பூவைப் பார்த்தாலே வாய் குவியும்.

குத்துவிளக்கின் தண்டைத் தொட்டு யாராவது விளக்கேற்றுவார்களா? தொடச் சொன்னது நான். படம் சொல்லவில்லை.

அப்படித்தான் தொட்டாற்சிணுங்கிக்கு வந்தேன். முன்தாளில் இலை கூம்பிய செடியை வாட்டர்கலரில் வரைந்தேன். பின்தாளில் அதே காம்புகளில் விரிந்த இலைகள். நடுவில் எதுவும் இல்லை. பின்னாலிருந்து எல்.இ.டி. எரிந்தால்தான் பின்தாளின் பச்சை முன்னால் ஊறித் தெரியும். தொட்டால் விளக்கு தணிந்து இலை கூம்பிவிடும். கரண்ட் போனால் படம் செத்துவிடாது. இரவில் தூங்கும் தொட்டாற்சிணுங்கியாக இருக்கும். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, சொல்லிவிடுகிறேன்.

தொடுவதை உணர காம்புகளை கிராஃபைட் தூள் குழைத்த அக்ரிலிக்கால் இழுத்தேன். கரி சேர்ந்த வண்ணம் மின்சாரத்தை அரைமனதோடுதான் கடத்தும். விளக்கெரிக்க அது போதாது, அதற்குத் தாமிர டேப்தான் சரி. தொடுகையை அறிய அது தாராளம். ஆர்டுயினோவின் ஒரு காலிலிருந்து ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக இன்னொரு காலுக்கு மின்சாரம் போகும், அந்தக் கால் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று புரோகிராம் எண்ணிக்கொண்டே இருக்கும். நம் உடம்பும் கொஞ்சம் மின்னூட்டத்தைக் குடிக்கும். விரல் பட்டால் நிரம்ப நேரமாகும், எண் எகிறும். என் படத்தில் சும்மா இருக்கும்போது 60, 70. தொட்டால் 800. ஐந்நூறைத் தாண்டினால் இலை கூம்பட்டும் என்று எழுதினேன்.

இரண்டு நாள் அழகாக வேலை செய்தது. மூன்றாம் நாள் எவ்வளவு தொட்டாலும் செடி அசையவில்லை. வயரைப் பார்த்தேன், மறுபடி சால்டர் வைத்தேன், புரோகிராமை வரிவரியாகப் படித்தேன். ராத்திரி பத்து மணிக்குத்தான் கவனித்தேன், லேப்டாப் சார்ஜரில் இல்லை. சார்ஜரைச் செருகியதும் எண் 800. பிடுங்கினால் 200. சார்ஜர் வழியாகக் கிடைத்துக்கொண்டிருந்த எர்த் இல்லாமல் போனதும் படத்துக்கு என் விரல் சரியாகத் தெரியவில்லை. பின்தாளுக்கும் பின்னால் அலுமினியத் தாள் விரித்தால் விளக்கை மறைக்கும், அதனால் காம்புக்கு நேராக மட்டும் பட்டை பட்டையாக வெட்டி ஒட்டி, கிரவுண்டோடு இணைத்தேன். அதோடு ஐந்நூறு என்ற கறார் எண்ணையும் எடுத்துவிட்டேன். கடந்த சில நிமிடங்களின் சராசரியைவிட எண் எவ்வளவு ஏறுகிறது என்று இப்போது அதுவே பார்த்துக்கொள்கிறது. ஐப்பசி மழையில் தாள் ஈரம் குடித்த நாளிலும் தாக்குப்பிடித்தது.

ஆனால் படத்தைப் படமாக்கியது வேறொரு வரி. கூம்ப ஒரு விநாடி, மறுபடி விரிய எட்டு நிமிடம். நிஜச் செடியும் அப்படித்தான், சட்டென்று சுருங்கும், மெல்ல விரியும். இடையில் சீண்டினால் எட்டு நிமிடம் மறுபடி முதலிலிருந்து. அக்கா மகள் வந்தாள். தொட்டாள், கூம்பியது. மறுபடி தொட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. "ரிப்பேரா மாமா?" என்றாள். சும்மா இரு என்றேன். ஃபோனை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். முதல் இலையில் பச்சை ஏறத் தொடங்கியபோது ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கு அவள் சுவிட்ச் என்று சொல்லவில்லை.

க்ளூவர் 2004-இலும் ரௌஷன்பர்க் 2008-இலும் காலமாகிவிட்டார்கள். 'சவுண்டிங்ஸ்' ஜெர்மனியின் கொலோன் நகர லுட்விக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல்பு போனால் அருங்காட்சியகத்தில் மாற்ற ஆள் உண்டு. நம் வீட்டுப் படத்துக்கு அப்படி யாரும் இல்லை. அதனால் இதைச் செய்து பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த வயர் எங்கே போகிறது என்று பேனாவால் வரைந்து, புரோகிராமையும் அச்செடுத்து, இரண்டு உபரி எல்.இ.டி.யோடு ஒரு கவரில் போட்டு படத்தின் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள். கையெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளலாம்.