ஊர் இருக்கிறது, வழிதான் தப்பு
கணினியில் கோப்புப் பாதை பற்றி ஒரு விளக்கம்

சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பழைய பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்தால், பெரியவர்கள் முதலில் தலைப்பைத்தான் பார்ப்பார்கள். வடஆர்க்காடு ஜில்லாவா, சித்தூர் ஜில்லாவா? மெட்ராஸ் மாகாணமா, ஆந்திரமா? அதைத் தெரிந்துகொண்டால்தான் எந்த அலுவலகத்தில் போய்த் தேடுவது என்பது விளங்கும். கணினியில் நிரல் எழுதும் நம் பிள்ளைகள் அன்றாடம் படும் தொல்லையும் ஏறக்குறைய இதேதான். "ஃபைல் கிடைக்கவில்லை" என்று இயந்திரம் சொல்லும். ஃபைல் அங்கேயே இருக்கும்.

நான் பாத்திரக்கடை வைத்துப் பிழைத்தவன். கணினிப் படிப்புக் கிடையாது. ஆயினும் என் கைப்பொருளே போய்விட்டதோ என்று ஒரு வாரம் தூக்கமில்லாமல் கிடந்தபோது கற்றுக்கொண்ட விஷயங்கள் இவை. மற்றக் குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நேர்ந்தது என்ன?

இப்பகுதியிலுள்ள சமணச் சின்னங்கள், தமிழ்க் கல்வெட்டுகள் பற்றி பல ஆண்டுகளாகக் குறிப்பெடுத்து, ஊருக்கு ஒரு கோப்பாகக் கடைக் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். சுமார் அறுநூறு கோப்புகள். திருப்பதியில் பொறியியல் படிக்கும் என் பேரன், பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்தான். எந்த ஊரில் எந்த அரசன் பெயர் வருகிறது என்று அது தானே அகராதி போட்டுக் கொடுக்கும். பழைய கணினி பழுதாகும் நிலைக்கு வந்ததும், எல்லாவற்றையும் புதிய மடிக்கணினிக்கு நகல் எடுத்தோம். நிரல் ஓடவில்லை. ஒரு கோப்பும் கிடைக்கவில்லை என்றது.

"தாத்தா, பயப்படாதீங்க. ஃபைல் எல்லாம் இருக்கு, பாத் தப்பு" என்றான் பேரன். பாத் என்றால் பாதை. அந்த ஒரு சொல்லுக்குள் ஐந்து தப்புகள் ஒளிந்திருந்தன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் தப்பு: முழுப்பாதையை எழுதி வைத்தது

சந்திரகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1911 ஏப்ரல் 1-ஆம் தேதி சித்தூர் ஜில்லா உண்டாகும்வரை அது வடஆர்க்காட்டில் இருந்தது. பிறகு மெட்ராஸ் மாகாணத்துச் சித்தூர் ஜில்லா. 1953 அக்டோபர் 1 முதல் ஆந்திர மாநிலம், 1956 நவம்பர் 1 முதல் ஆந்திரப் பிரதேசம். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டம். கோட்டை ஓர் அங்குலமும் நகரவில்லை. முகவரிதான் மாறிக்கொண்டே வந்தது. திருத்தணி 1960 ஏப்ரல் 1-இல் சித்தூரை விட்டுத் தமிழகம் போன கதையும் நம் வாசகர்கள் அறிந்ததே.

எங்கள் சமணர்களுக்கு முக்கியமான வள்ளிமலையும் அப்படித்தான். கங்க மன்னன் இராசமல்லன் கல்வெட்டும் தீர்த்தங்கரர் உருவங்களும் உள்ள குன்று அது. பழைய கல்வெட்டுத் தொகுதிகளில் "வடஆர்க்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா" என்று தேடினால்தான் கிடைக்கும். இன்றோ அது வேலூர் மாவட்டத்தில் காட்பாடிப் பக்கம் உள்ளது. பழைய முகவரியை நம்பிச் சித்தூரில் தேடுகிறவனுக்கு மலையே காணாமல் போனதாகத் தோன்றும்.

பேரன் நிரலில், "டி டிரைவ், அதற்குள் கடை, அதற்குள் கல்வெட்டு" என்று தலையிலிருந்து அடிவரை முழுப்பாதையை எழுதியிருந்தான். புதிய கணினியில் டி டிரைவே இல்லை. இதற்கு மருந்து சார்புப்பாதை. "நிரல் இருக்கும் கோப்புறைக்குள் கல்வெட்டு என்ற கோப்புறை" என்று மட்டும் எழுதினால் போதும். மொத்தத்தையும் எங்கே தூக்கிப்போனாலும் உள்ளுறவு மாறாது. மாவட்டம் மாறினாலும் "பெருமாள் கோயிலுக்கு வடக்கே மூன்றாம் வீடு" என்பது மாறாதல்லவா?

இரண்டாம் தப்பு: எங்கிருந்து பார்க்கிறோம்?

சார்புப்பாதை எழுதிய பின்னும் நிரல் ஓடவில்லை. "கோயிலுக்கு வடக்கே" என்றால் எந்தக் கோயில் என்ற கேள்வி வருகிறது. நிரல் எந்தக் கோப்புறையில் எழுதப்பட்டிருக்கிறது என்பது வேறு, எந்தக் கோப்புறையில் நின்றுகொண்டு அதை ஓட்டுகிறோம் என்பது வேறு. இயந்திரம் நாம் நிற்கிற இடத்திலிருந்துதான் தேடும். பேரன் வி.எஸ்.கோடு என்னும் எழுதுகருவியில் மேல் கோப்புறையைத் திறந்து வைத்திருந்தான். நிரல் உள் கோப்புறையில் இருந்தது. ஆகவே இயந்திரம் ஒரு படி மேலே நின்று தேடிவிட்டு, இல்லை என்றது. இயந்திரம் பொய் சொல்லவில்லை. நின்ற இடத்திலிருந்து பார்த்து மெய்யைத்தான் சொன்னது. எங்கள் அனேகாந்தக் கொள்கையும் இதைத்தானே சொல்கிறது என்று எனக்குத் தோன்றியது.

முதலில் செய்ய வேண்டியது, "நான் இப்போது எங்கே நிற்கிறேன்?" என்று நிரலையே கேட்டு அச்சிடச் செய்வது. அதற்கு ஒரே வரிக் கட்டளை உண்டு. நிலையான மருந்து, நிரல் தன் சொந்த இருப்பிடத்தைத் தானே அறிந்து, அங்கிருந்து பாதையைக் கட்டுவது. பைத்தானில் 2014-இல் வந்த 3.4 பதிப்பு முதல் பாத்லிப் என்ற நூலகம் இதற்கென்றே இருக்கிறது.

மூன்றாம் தப்பு: சாய்கோடு

யூனிக்ஸ், லினக்ஸ் வகைக் கணினிகள் பாதையைப் பிரிக்க முன்சாய்கோடு போடும். விண்டோஸ் பின்சாய்கோடு போடும். எம்.எஸ்.டாஸ் முறையில் முன்சாய்கோடு ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தது. ஆகவே 1983-இல் வந்த அதன் 2.0 பதிப்பில் கோப்புறைகள் ஏற்பட்டபோது பின்சாய்கோட்டை எடுத்துக்கொண்டார்கள்.

வம்பு எங்கே வருகிறது? நிரல்மொழிகளில் பின்சாய்கோட்டுக்கு வேறு பொருள் உண்டு. அதன் பக்கத்தில் ஆங்கில 'டி' எழுத்து வந்தால் நீண்ட இடைவெளி, 'என்' எழுத்து வந்தால் புதிய வரி என்று பொருள். ஆங்கில எழுத்தில் திருப்பதி 'டி'-யில் தொடங்கும், நகரி 'என்'-னில் தொடங்கும்! திருப்பதி, நகரி என்று இரண்டு கோப்புறை வைத்திருந்த எங்களுக்கு, இயந்திரம் முதலதன் தலையை வெட்டி இடைவெளி போட்டது, அடுத்ததன் தலையை வெட்டி வரியை மடக்கியது. சித்தூர்க் கோப்புறை மட்டும் ஒழுங்காகத் திறந்தது. அதனால்தான் காரணம் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று.

பைத்தானில் விண்டோஸிலும் முன்சாய்கோடே போட்டுவிடலாம், வேலை செய்யும். அல்லது மேற்கோள் குறிக்கு முன்னால் சிறிய 'ஆர்' எழுத்தைச் சேர்த்தால் எழுத்தை எழுத்தாகவே கொள்ளும். இன்னொன்றும் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் விண்டோஸ் வழக்கமாக ஒன்றாகவே கொள்ளும், லினக்ஸ் வேறாகக் கொள்ளும். எப்போதும் சின்ன எழுத்திலேயே பெயர் வைப்பது உத்தமம்.

நான்காம் தப்பு: கண்ணுக்கு ஒன்று, இயந்திரத்துக்கு இரண்டு

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். காளத்தி அருகே தொண்டைமானாற்றூர் என்ற ஊர் இருந்தது. முதலாம் ஆதித்த சோழன் இறந்த இடம். அவன் மகன் பராந்தகன் அங்கே பள்ளிப்படைக் கோயில் எடுத்தான். அந்த ஊர்க் கோப்பு என் கண்முன் திரையில் தெரிகிறது, நிரலோ இல்லை என்கிறது!

காரணம் 'தொ' என்னும் எழுத்து. ஒருங்குறியில் இதை இரண்டு விதமாக எழுதலாம். தகரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, இயந்திரத்துக்கு இரண்டும் வெவ்வேறு. என் கோப்பு பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியது, அதில் தனித்தனிக் குறிகள். பேரன் தட்டச்சு செய்ததில் ஒரே குறி. இப்படிக் கொகர, கோகார, கௌகார வரிசை முழுவதிலும் வரும். பெயர்களை ஒப்பிடுமுன் என்.எஃப்.சி. என்னும் சீர்மைக்கு மாற்றும் கட்டளை பைத்தானில் உண்டு. அதைப் போட்டதும் தொண்டைமானாற்றூர் கிடைத்தது. ஆனால் ஔவையாரின் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாக அடித்துவிட்டால் இந்த மருந்து கேட்காது. அது எழுத்துப்பிழை, கையால்தான் திருத்த வேண்டும்.

இது நமக்குப் புதிய தொல்லையும் அல்ல. ஏட்டுச்சுவடியில் காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும், புள்ளியும் இராது. 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், கும்பகோணத்துச் சமண அன்பர்களிடம் ஐயம் கேட்டுக்கேட்டுத்தான் பல இடங்களைத் தெளிந்தார்.

பெயர் கிடைத்தும் உள்ளே வெறும் குப்பையாகத் தெரிந்தால், அது ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது என்று கொள்க. தமிழக அரசு 1999-இல் டாம், டாப் குறிமுறைகளை ஏற்று, 2010-இல் ஒருங்குறிக்கு மாறியது. இடையில் அடித்தவை வீட்டுக்கு வீடு ஒரு தினுசாக இருக்கும். மாற்றி நிரல் கொண்டு ஒருங்குறியாக்கி, யூ.டி.எஃப்-8 என்று சேமிக்க வேண்டும். கோப்பைத் திறக்கும்போது நிரலிலும் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

ஐந்தாம் தப்பு: அடுப்படியைத் தூக்கிவந்தது

ஒவ்வொரு வேலைக்கும் வேண்டிய நூலகங்களைத் தனியே வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பைத்தானில் வென்வ் என்று பெயர். வெளியூர்ப் பயணத்தில் நம்மவர்கள் தனிப் பாத்திரம் கொண்டுபோவது போல, ஒரு வேலையின் சாமான் இன்னொன்றில் கலக்காது. ஆனால் அதற்குள்ளேயே பழைய கணினியின் முழுப்பாதைகள் எழுதப்பட்டிருக்கும். அதனால் அதை அப்படியே நகல் எடுத்தால் ஓடாது. எடுத்துவர வேண்டியது அடுப்படி அல்ல, சாமான் சீட்டு. நூலகங்களின் பெயரும் பதிப்பெண்ணும் கொண்ட ஒரு பட்டியலைக் கோப்பாக எழுதி வைத்தால், புதிய இடத்தில் புதிதாக அமைத்துக்கொள்ளலாம். அமைத்த பின், எழுதுகருவி எந்தப் பைத்தானைப் பயன்படுத்துகிறது என்று பார்த்து, இந்தப் புதியதையே தேர்ந்தெடுக்க வேண்டும். நூலகத்தைப் போட்டும் இல்லை என்று வந்தால், பெரும்பாலும் ஒரு பைத்தானில் போட்டுவிட்டு இன்னொன்றில் தேடுகிறோம் என்று அர்த்தம்.

முடிவாக

இந்த ஐந்தையும் திருத்தியதும் அறுநூறு கோப்பும் வரிசையாக வந்து நின்றன. ஒன்றும் அழிந்திருக்கவில்லை. பதற்றத்தில் நான் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று சொன்னபோது, பேரன் கையைப் பிடித்துத் தடுத்தான். அதற்காக அவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பிழைச்செய்தி வந்தால் எதையும் அழிக்கக் கூடாது. முதலில் நகல் ஒன்று வேறு தட்டில் எடுக்க வேண்டும். பிறகு செய்தியின் கடைசி வரியை நிதானமாக வாசித்து, அதில் இயந்திரம் தேடிய பாதையை எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரன் நிரல் எழுதுவான், தெலுங்கும் ஆங்கிலமும் சரளமாக வாசிப்பான். தமிழை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். 'தொ'-வில் கொம்பும் காலும் இருக்கிறது என்று தெரிந்ததால்தான் அந்தப் பிழை எனக்கு உறைத்தது. கட்டளை தெரிந்ததால் அவன் திருத்தினான். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் தொண்டைமானாற்றூர் கிடைத்திருக்காது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டும் தெரிந்திருக்கட்டும். ஞாயிறுதோறும் இப்போது ஒரு ஊர்க் கோப்பை அவன் உரக்க வாசிக்கிறான், நான் திருத்துகிறேன். போன வாரம் வள்ளிமலை முடிந்தது.