எசன்ஸ் பாட்டில்களுக்கு எக்ஸெல்லில் ஒரு பட்டியல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் பாட்டு கேட்பார்கள், கேம் விளையாடுவார்கள், கடிதம் ஒன்று டைப் செய்து பார்ப்பார்கள். "அடுத்து என்ன செய்வது?" என்ற கேள்வி அதன் பிறகுதான் வரும். பதில் உங்கள் சமையலறை அலமாரியிலேயே இருக்கிறது. வெனிலா, ரோஸ், பைனாப்பிள், பாதாம், தாழம்பூ என்று 20 மிலி, 50 மிலி பாட்டில்கள் எத்தனை இருக்கின்றன? அவற்றில் காலாவதியானவை எவை? இதற்கு உடனே பதில் சொல்ல முடியாவிட்டால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். எக்ஸெல் தொகுப்பையும் இதன் மூலம் பழகிக் கொள்ளலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பில் இதே பட்டியலைத் தயாரிக்கலாம். மெனுக்களின் பெயர்கள் மட்டும் சற்று மாறும்.

முதல் வேலை அலமாரியில்

எல்லா பாட்டில்களையும் மேஜை மீது எடுத்து வையுங்கள். நீலகிரித் தைலம், வாசனை எண்ணெய் போன்று உணவில் சேர்க்கக் கூடாதவை இவற்றோடு கலந்திருந்தால் உடனே பிரித்து, குழந்தைகளுக்கு எட்டாத வேறு இடத்தில் வைக்கவும். பாட்டில்கள் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் நீலகிரித் தைலம் ஒரு டீஸ்பூன் அளவு உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு ஆபத்து. பெயர் தெரியாத பாட்டிலை முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், அப்புறப்படுத்தி விடுங்கள்.

மீதியுள்ளவற்றுக்கு 101, 102 என்று எண் கொடுங்கள். 01 என்று தொடங்க வேண்டாம். எக்ஸெல் முன்னால் உள்ள பூஜ்யத்தை நீக்கிவிட்டு 1 என்று மட்டுமே காட்டும்.

பட்டியல் தயாரித்தல்

எக்ஸெல்லைத் திறந்து முதல் படுக்கை வரிசையில் எண், பெயர், அளவு, திறந்த தேதி, காலாவதி தேதி, குறிப்பு என ஆறு தலைப்புகளை டைப் செய்திடவும். அடுத்த வரிசையிலிருந்து ஒரு பாட்டிலுக்கு ஒரு வரிசை. இடையில் காலி வரிசை எதையும் விடாதீர்கள். பாட்டிலை இன்றுதான் திறக்கிறீர்களா? திறந்த தேதிக்கான செல்லில் கண்ட்ரோல் கீயுடன் செமிகோலன் கீயை அழுத்துங்கள். இன்றைய தேதி தானாக வந்து அமரும்.

தேதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் விண்டோஸ் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால், 5/8/2026 என்பதை ஆகஸ்ட் 5 என்று எடுத்துக் கொள்ளாது. மே 8 என்றே எடுத்துக் கொள்ளும். சோதித்துப் பார்க்க ஒரு செல்லில் 25/8/2026 என டைப் செய்து என்டர் தட்டவும். தேதி செல்லின் வலது ஓரத்தில் நின்றால் நம் முறை சரி. இடது ஓரத்தில் நின்றால் எக்ஸெல் அதைத் தேதியாகவே ஏற்கவில்லை என்று பொருள். அப்போது மாதத்தின் பெயரை ஆங்கிலத்தில் மூன்று எழுத்துகளாக டைப் செய்தால் குழப்பம் வராது. பாட்டிலில் "பேக் செய்ததிலிருந்து 24 மாதம்" என்பது போல மட்டும் அச்சாகியிருந்தால், கணக்கிட்டு வரும் தேதியை டைப் செய்யவும்.

சார்ட் செய்யும்போது கவனம்

காலாவதி தேதி உள்ள ஏதாவது ஒரு செல்லில் ரைட் கிளிக் செய்து, சார்ட், பின் சார்ட் ஓல்டஸ்ட் டு நியூவஸ்ட் எனத் தேர்ந்தெடுக்கவும். முதலில் காலாவதியாகும் பாட்டில் மேலே வந்துவிடும். தேதி கடந்தவற்றை அப்போதே எடுத்துவிடலாம்.

நெட்டு வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்துவிட்டு சார்ட் செய்தால் ஓர் எச்சரிக்கை விண்டோ கிடைக்கும். அதில் எக்ஸ்பாண்ட் த செலக்ஷன் என்பதையே தேர்ந்தெடுக்கவும். மற்றதைத் தேர்ந்தெடுத்தால் தேதிகள் மட்டும் இடம் மாறும். பெயர்கள் அப்படியே நிற்கும். ரோஸ் எசன்ஸின் தேதி வெனிலாவுக்குப் போய்விடும்! பட்டியல் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வரியும் தவறாக இருக்கும். அப்படி ஆகிவிட்டால் வேறு எதையும் தொடாமல் கண்ட்ரோல் கீயுடன் இஸட் கீயை அழுத்துங்கள். பழைய நிலை திரும்பிவிடும்.

லேபிள் அச்சிடுதல்

ஏ4 தாளில் 65 லேபிள்கள் கொண்ட ஸ்டிக்கர் ஷீட் ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கிறது. ஒரு லேபிள் சுமார் 38 மிமீ அகலம், 21 மிமீ உயரம். சிறு பாட்டிலுக்கு இதுவே போதும்.

1. எக்ஸெல் பட்டியலை சேவ் செய்து மூடவும்.

2. வேர்டில் மெயிலிங்ஸ் டேப்பில் ஸ்டார்ட் மெயில் மெர்ஜ், பின் லேபிள்ஸ் கிளிக் செய்து, ஷீட்டின் அட்டையில் உள்ள எண்ணைத் தேர்ந்தெடுக்கவும்.

3. செலக்ட் ரெசிபியன்ட்ஸ் பிரிவில் யூஸ் அன் எக்ஸிஸ்டிங் லிஸ்ட் கிளிக் செய்து உங்கள் எக்ஸெல் பைலைக் காட்டவும்.

4. இன்சர்ட் மெர்ஜ் ஃபீல்ட் மூலம் முதல் லேபிளில் எண், பெயர் இரண்டையும் வைக்கவும்.

5. அப்டேட் லேபிள்ஸ் கிளிக் செய்திடவும். இதை மறந்தால் முதல் லேபிள் மட்டுமே சரியாக இருக்கும்.

6. பினிஷ் அண்ட் மெர்ஜ் கொடுக்கவும்.

லேபிளில் தேதி வேண்டாம். மெர்ஜ் செய்கையில் வேர்ட் சில நேரம் மாதத்தை முன்னால் போட்டு அச்சிடும். பாட்டிலிலேயே அச்சிட்ட தேதி இருக்கிறது. அதை மறைக்காமல் லேபிளை ஒட்டினால் போதும்.

முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, ஸ்டிக்கர் ஷீட்டின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும். எழுத்துகள் கட்டத்துக்குள் விழுந்தால் மட்டும் ஷீட்டைப் பிரிண்டரில் வைக்கவும். இங்க்ஜெட் பிரிண்டர் என்றால் எசன்ஸ் சொட்டு பட்டதும் எழுத்து கரையலாம். லேபிளின் மேல் செலோடேப் ஒட்டிவிடுங்கள்.

லேபிளை மூடியில் மட்டும் ஒட்டாதீர்கள், மூடிகள் மாறிவிடும். பாட்டிலில் லேபிள், மூடியில் அதே எண் பேனாவால் என இருக்கட்டும். இரண்டு எண்ணும் வேறாக இருந்தால் மூடி மாறியிருக்கிறது என்று உடனே தெரியும்.

பாட்டில் தீர்ந்தால் பழைய எண்ணைப் புதியதற்குக் கொடுக்க வேண்டாம். குறிப்பில் "காலி" என்று எழுதி, புதியதற்கு அடுத்த எண் தரவும். கடைக்குப் போகும்போது "காலி" என்று உள்ளவற்றைப் பார்த்தாலே வாங்க வேண்டியவை கிடைத்துவிடும். பைலின் நகல் ஒன்றைப் பென் டிரைவிலும் வையுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போதும். செய்து பாருங்கள். அடுத்து மருந்துப் பெட்டிக்கும் இதே போல் ஒரு பட்டியல் நீங்களே போட்டுவிடுவீர்கள்.